இன்டர்காமில் ஆளின் பெயர் வேண்டாம், இடத்தின் பெயரை அடியுங்கள்

புதிதாக இன்டர்காம் மாட்டி, எல்லா லைனும் பேசிப் பார்த்து முடித்ததும் ஆபீஸில் ஒரு தாளை நீட்டுவார்கள். 101 எம்.டி., 102 அக்கவுண்ட்ஸ் மேனேஜர், 103 இன்னார், 104 இன்னார் என்று எண்ணும் பெயருமாக எழுதியிருக்கும். "இதெல்லாம் டிஸ்ப்ளேயில் வர்ற மாதிரி அடிச்சுக் குடுத்துடுங்க" என்பார்கள். ரொம்ப வருடம் நானும் அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது தாளை வாங்கியதும் ஒன்று கேட்கிறேன்: இவர் வேலையை விட்டுப் போய்விட்டால் இந்த போனில் யார் பேசுவார்?

அப்படிக் கேட்க ஆரம்பித்தது ஒரு சின்ன மருத்துவமனையால். அங்கே எல்லா போனையும் இணைக்கும் இன்டர்காம் பெட்டி நாங்கள் மாட்டியது. முதல் மாடியில் ஒரு டாக்டரின் அறை இருந்தது. அந்த போனுக்கு அவர் பெயரை அடித்தவன் நான்தான். பிறகு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அறையில் இரண்டு கட்டில் போட்டு, ஆபரேஷன் முடிந்தவர்களை ஒரு நாள் வைத்துப் பார்க்கும் இடமாக மாற்றிவிட்டார்கள். போன் அங்கேயே இருந்தது, பெயரும் மாறவில்லை. ஒரு ராத்திரி உள்ளே இருந்த நோயாளிக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. கூட இருந்த அம்மா ரிசப்ஷனுக்கு அடித்திருக்கிறார். பதற்றத்தில் பேச்சு வரவில்லை. ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு நர்ஸைத் தேடி வராந்தாவுக்கு ஓடியிருக்கிறார். கீழே ரிசப்ஷனில் இருந்த பெண் திரையைப் பார்த்தால், ஊரை விட்டுப் போன டாக்டரின் பெயர். எடுத்தால் பேச்சில்லை. லைனில் ஏதோ கோளாறு என்று வைத்துவிட்டார்.

நல்லவேளை, நர்ஸ் வந்துவிட்டதால் அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். மறுநாள் எனக்கு வந்த புகார், "முதல் மாடி லைனில் கோளாறு, யாரும் இல்லாத ரூமிலிருந்து தானாக ரிங் வருகிறது" என்பது. போய்ப் பார்த்தேன். லைனில் ஒரு குறையும் இல்லை. அந்த ரிசப்ஷன் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. திரையில் என்ன வந்ததோ அதை நம்பித்தான் அவர் முடிவெடுத்தார்.

ஆகவே போனுக்கு இடத்தின் பெயரை வையுங்கள். ஆள் இன்று இருப்பார், நாளை மாறுவார். அறை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதிலும் மாடியை முதலில் அடியுங்கள். பானசோனிக் 7730 போனில் ஒரே வரிதான், அதில் 16 எழுத்துதான் தெரியும். 'போஸ்ட் ஆபரேட்டிவ் ரெக்கவரி ரூம் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்று ஆங்கிலத்தில் நீட்டி அடித்தால் 'போஸ்ட் ஆபரேட்டிவ்' வரைக்கும்தான் தெரியும். எந்த மாடி என்ற முக்கியமான விஷயம் வெட்டுப்பட்டுப் போகும். நான் 'எஃப் 1 ரெக்கவரி' என்று அடிக்கிறேன். ஓடப் போகிறவருக்கு முதலில் மாடி தெரிந்தால் போதும், மிச்சத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தமிழில் அடிக்கக் கூடாதா என்று சிலர் ஆசையாகக் கேட்பார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பழைய பெட்டிகளில் தமிழ் எழுத்தே கிடையாது. கணினி நெட்வொர்க்கில் ஓடும் ஐ.பி. போன்களிலும் பலவற்றில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும். வாங்கும் முன் ஒரு போனில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பெயரை மாற்றச் சோம்பல் வருவது எனக்குப் புரிகிறது. கணினி இல்லாமல் போனிலிருந்தே அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். 'கேஷுவல்டி' என்று அடிக்கப் போனால் ஆங்கிலத்தில் அதன் முதல் இரண்டு எழுத்துமே 2ஆம் பட்டனில் இருக்கின்றன. முதல் எழுத்தைத் தட்டிவிட்டு, கர்சரை ஒரு இடம் தள்ளி, அப்புறம் அடுத்ததைத் தட்ட வேண்டும். முடிந்ததும் ஸ்டோர் பட்டனை அழுத்தாமல் வெளியே வந்துவிட்டால் அடித்ததெல்லாம் போச்சு. இருபது போனுக்கு இப்படி அடித்தால் விரல் நோகத்தான் செய்யும். அதனால்தான் மேஜை மாறும்போது யாரும் பெயரைத் தொடுவதில்லை, எல்லா லைனும் வந்து சேரும் எம்.டி.எஃப். பெட்டியைத் திறந்து, லைனை இணைக்கும் சின்ன வயரான ஜம்பரை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜம்பரை மாற்றினால் எண்ணும் பெயரும் சேர்ந்தே புது இடத்துக்குப் போய்விடும். ஆளின் பெயராக இருந்தால் சரி. இடத்தின் பெயராக இருந்தால், அக்கவுண்ட்ஸ் என்று காட்டும் போன் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருக்கும். ஜம்பர் மாற்றும் ஆளிடம் பெயரையும் மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஏ.எம்.சி.க்குள், அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குள், பொதுவாக வரும் வேலைதான் அது.

ஆப்சென்ட் மெசேஜிலும் இதே தொல்லை உண்டு. 'மீட்டிங்கில் இருக்கிறேன்', 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று நம்மை இன்டர்காமில் கூப்பிடுகிறவர் திரையில் காட்டும் வசதி. ரொம்ப நல்ல வசதி, போட்டதை எடுக்க மறக்காதவரைக்கும். காலையில் வந்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆளை, வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து யாருமே கூப்பிடாமல் விட்ட ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். திரை இல்லாத சாதாரண போனிலிருந்து கூப்பிடுகிறவருக்கு அந்த மெசேஜ் தெரியவும் தெரியாது. கேன்சல் கோடை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி அந்த போனிலேயே ஒட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது எண் வரிசை. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பானசோனிக் டி.இ.எஸ். 824 பெட்டி நம் ஊரில் ஏராளமான ஆபீஸ்களில் இருக்கிறது. வாங்கி வந்தபடியே எதையும் மாற்றாமல் மாட்டினால் எக்ஸ்டென்ஷன் எண்கள் 101இல் தொடங்கி 124 வரை போகும். அந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 101 தீயணைப்பு. 108 ஆம்புலன்ஸ், தமிழ்நாட்டில் 2008 முதல் குழந்தைக்கும் தெரிந்த எண். 112 எல்லா அவசரத்துக்கும். மேஜையில் ஒருவர் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கை தானாக 108ஐத் தான் அழுத்தும். ரிங் போவது பேன்ட்ரிக்கோ, பூட்டிய கான்ஃபரன்ஸ் அறைக்கோ.

அமெரிக்காவில் இப்படியொரு சாவு நடந்து சட்டமே வந்தது. 2013 டிசம்பர் 1, டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் என்ற ஊரில் ஒரு மோட்டல் அறை. காரி ஹன்ட் என்ற பெண்ணை, பிரிந்து வாழ்ந்த கணவர் கத்தியால் குத்திக் கொன்றார். காரியின் ஒன்பது வயது மகள் அறை போனில் அந்த நாட்டு அவசர எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தினாள். வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. காரியின் அப்பா விடாமல் போராடியதில் 2018இல் 'காரி சட்டம்' கையெழுத்தாகி, 2020 பிப்ரவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மாட்டும் பெட்டிகளில் 911ஐ முன்னால் எந்த எண்ணும் இல்லாமல் நேரடியாக அழுத்த முடிய வேண்டும். அழுத்தியதும் ரிசப்ஷனுக்கோ செக்யூரிட்டிக்கோ தகவல் போக வேண்டும். அந்தத் தகவலில் எந்த அறை என்று சரியாக இருந்தால்தானே ஓடிப் போக முடியும்?

நம் ஆபீஸில் இதைச் செய்யச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன்களை 200 வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால் 101, 108, 112 மூன்றையும் எப்போதும் ஆள் இருக்கும் இடத்தில், ரிசப்ஷனிலோ செக்யூரிட்டி அறையிலோ வையுங்கள். வெளி லைனுக்கு எதை முதலில் அழுத்த வேண்டும் என்பதை ஒவ்வொரு போனிலும் எழுதி ஒட்டுங்கள். அப்புறம், புரோகிராமிங் பாஸ்வேர்டு 1234 என்றே கிடக்கும் பெட்டியில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் மாற்றலாம். அதையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

இப்போது ஏ.எம்.சி.க்குப் போனால் முதல் வேலையாக மாடி மாடியாக நடந்து ஒவ்வொரு போனிலிருந்தும் ரிசப்ஷனுக்கு அடிக்கிறேன். அங்கே இருப்பவர் திரையில் வருவதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், நான் எங்கே நிற்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்வேன். கடைசியாகப் போன இடத்தில் 42 போன், ஒன்பது பெயர் தப்பு. அதில் ஒன்று லிஃப்டுக்குள் இருந்த போன். ரிசப்ஷனில் இருந்த தம்பி படித்தார்: "ஸ்பேர் 2."