கோடு போட்டு அடித்த அந்த ஒரு வரி

ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. சில ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளும் என்னிடம் வருகின்றன. அண்மையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் 14 பக்கக் கட்டுரையோடு அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தான். புவி வெப்பமயமாதலும் உயிரினங்களும் என்பது தலைப்பு. "இதில் நீ என்னப்பா அளந்தாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். வீட்டு ஜன்னலோரம் போகும் எறும்பு வரிசையை, பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, மூன்று வாரம், தினமும் மூன்று வேளை எண்ணி எழுதியிருந்தான்.

ஆய்வு அந்த நோட்டில்தான் இருந்தது. 14 பக்கமும் பிறர் சொன்னது. உலகத்துக்கே பொதுவான கேள்வியை ஒரு மாணவரால் முடித்துக் காட்ட முடியாது. இந்த ஜன்னல், இந்த எறும்பு, இந்தச் சூடு என்றால் முடியும்.

அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசா 9 வயதில் செய்த சோதனையைப் பாருங்கள். மனித உடலைச் சுற்றியுள்ள ஆற்றலைத் தொடாமலே கையால் உணர முடியும் என்று சொன்ன 21 சிகிச்சையாளர்களைத் தடுப்புக்குப் பின்னால் கைநீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி ஒரு கைக்கு அருகே தன் கையை வைத்தாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறையில் 123 முறைதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாகிவிடும்! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தபோது அவளுக்கு வயது 11. ஒரு தடுப்பு, ஒரு நாணயம், தெளிவான கேள்வி. அவ்வளவே.

மாணவனின் நோட்டில் ஒரு நாளின் வரி மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. ஏன் என்றேன். "அன்னைக்கு மழை சார். எறும்பே வரல. வரைபடம் கெட்டுப்போகுது." கெடட்டும் என்றேன். எறும்பின் எண்ணிக்கைக்கு வெப்பம் மட்டுமே காரணம் என்று அவன் எழுதியிருந்தான். அப்படி எழுதக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு வரிதான். பிடிக்காத எண்ணை நீக்குவதை ஆய்வுலகம் சின்னத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அது மோசடி. இதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்காமல் வேறு எங்கே சொல்லப்போகிறோம்?

எழுதும்போது, செய்த முறையை முதலில் எழுதுங்கள். முன்னுரை பிறகு, சுருக்கம் கடைசியில். சக மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால், பெற்றோரின் சம்மதத்தைத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைக்குக்கூட அது தலைப்பும் ஆண்டும் எழுதிக் கொடுக்கும்.

கிளம்பும்போது அப்பா தன் கைப்பேசியைக் காட்டினார். பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுவதாக ஒரு மின்னஞ்சல். நல்ல இதழ்களிலும் சில கட்டணம் வாங்குவதுண்டு. ஆனால் கட்டுரையைப் படிக்கும் முன்பே வெளியிடுகிறேன் என்று எந்த நல்ல இதழும் சொல்லாது. துறை அறிந்தவர்கள் படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள். கட்ட வேண்டாம் என்றேன்.

"அப்போ எப்ப சார் வரும்?" என்றார்.

"சில மாதம் ஆகும். அதுவரை அவன் மழை நாளிலும் எண்ணட்டும்."