கேட்ட துக்கத்துக்கு அந்தியேட்டி இல்லை

திருகோணமலையில் செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் நேரே வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் வார்த்து, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். இறந்தவருக்கான 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குச் சிலர் கன்னியாவுக்குப் போவார்கள். அங்கே அடுத்தடுத்து ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். அந்தியேட்டி முடித்து, அந்த வெந்நீரில் குளித்துவிட்டு வருவார்கள். துக்கம் அதோடு தீர்ந்துவிடாதுதான். ஆனால் 'இதுவரைக்கும்' என்று ஒரு கோடு விழுந்துவிடும்.

மனக்கவலையோடு வருபவர்களைக் கேட்டுத் தேற்றும் உளவளத்துணையாளருக்கு அந்தக் கோடு கிடையாது. அவருக்கு நாளொன்றுக்கு நாலைந்து செத்த வீடு. காலையில் காணாமல்போன மகனைப் பதினைந்து வருஷமாகத் தேடும் தாய். அடுத்து, பள்ளிக்கூடம் என்றாலே வாந்தியெடுக்கும் பையன். சாப்பாட்டுக்குப் பிறகு, குடித்துவிட்டு வரும் புருஷனிடம் நேற்றும் அடி வாங்கிய பெண். பின்னேரம் பஸ் ஏறினால் நேரே வீடு.

கேட்டுக்கொண்டு மட்டுமே இருப்பவருக்குள் என்னதான் நடக்கிறது?

2004இல் டானியா சிங்கர் என்ற நரம்பியல் ஆய்வாளர் 16 தம்பதிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பெண் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்திருந்தார், அவருடைய துணைவர் பக்கத்தில். இருவர் கையிலும் மின்முனை. ஒரு முறை இவருக்குச் சுள்ளென்று அடிக்கும், மறுமுறை அவருக்கு. யாருக்கு என்பதை ஒரு குறி மட்டும் காட்டிக்கொடுக்கும். துணைவருக்கு அடித்தபோது, வலி தோலில் எங்கே என்று கண்டுபிடிக்கும் மூளைப்பகுதி பேசாமல் இருந்தது. ஆனால் வலியின் வேதனையை உணரும் பகுதிகளான முன் இன்சுலாவும் முன் சிங்குலேட் புறணியும் தனக்கே அடித்ததுபோல விழித்துக்கொண்டன. 'உங்கட கவலை எனக்கு விளங்குது' என்று சொல்வது வெறும் உபசாரம் இல்லை. குத்திய இடம் தெரியாவிட்டாலும் குத்தின் வேதனை நமக்குள்ளும் ஓடுகிறது.

மூளை கலங்கினால் உடம்பும் சும்மா இராது. மூளையிலுள்ள ஹைப்போதலமஸ் அதன் கீழிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரினல் சுரப்பிக்குச் சொல்ல, இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் ஏறும். ஆபத்து விலகியதும் தானே அடங்கிவிடுகிற ஏற்பாடு இது. நாய் துரத்தினால் ஓடிப்போய் மதிலில் ஏறலாம். கதிரையில், முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, கையில் பேனையோடு இருப்பவர் எங்கே ஓடுவது? அடங்கமுதலே அடுத்தவர் கதவைத் தட்டுவார். இப்படித் திரும்பத் திரும்ப முடுக்கப்படும் உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது என்பதை 1990களில் விரிவாக எழுதியவர் புரூஸ் மெக்ஈவன் என்ற நரம்பியல் ஆய்வாளர். நித்திரை, இரத்த அழுத்தம், ஞாபகசக்தி எல்லாம் அந்தக் கணக்கில் பற்றுப் பக்கம்.

இந்தச் சோர்வுக்கு 'பேர்ன் அவுட்' (எரிந்து தீர்தல்) என்ற சொல்லை 1974இல் உளவியல் எழுத்துக்குள் கொண்டுவந்தவர் ஹேர்பர்ட் பிரொய்டன்பேர்கர். நியூயோர்க்கில் ஓர் இலவச வைத்திய நிலையத்தில் தன் சொந்த வேலை முடிந்த பிறகு தொண்டு செய்து, தானே எரிந்து தீர்ந்தவர். பிறகு கிறிஸ்டினா மஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து, 1981இல் இதை அளக்க ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். அது மூன்றைத் தேடுகிறது: மனம் வற்றிப்போதல், எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் விடுதல், 'நான் செய்து என்ன வந்தது' என்ற எண்ணம்.

நடுவில் உள்ளதைத்தான் நான் பயத்தோடு கவனிப்பேன். 'அந்த அம்மா' என்று பேசிய வாய் 'அந்தக் கேஸ்' என்று பேசத் தொடங்கும் நாள். அது கல்நெஞ்சு இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி நாக்கையும் சேர்த்து மரக்கவைப்பதைப்போல, வலியைத் தடுக்க வந்த மரப்பு மற்றதையும் விட்டுவைப்பதில்லை. வீட்டில் பிள்ளை கொப்பியை நீட்டி, 'அம்மா, பாருங்கோ' என்றால் கண் பார்க்கும், மனம் பார்க்காது. தேத்தண்ணிக்கும் ருசி இருக்காது.

அப்படியென்றால் மனதைக் கல்லாக்கினால்தான் பிழைக்கலாமா? சிங்கரும் ஓல்கா கிலிமெக்கியும் இதைச் சோதித்தார்கள். துன்பப்படுபவர்களின் காணொளிகளைப் பார்த்து, அந்தத் துன்பத்தை அப்படியே தானும் உணரச் சிலரைப் பழக்கினார்கள். அவர்களுடைய மனக்கஷ்டம் ஏறியது. பிறகு அவர்களையே, துன்பப்படுபவருக்கு நல்லது நடக்கட்டும் என்று அன்போடு நினைக்கப் பழக்கினார்கள். காணொளிகள் அதே வகைதான். ஆனால் ஏறிய கஷ்டம் இறங்கியது, இதமான உணர்வு கூடியது. மூளையில் வேலை செய்த வலையும் வேறு: வலிக்குரிய பகுதிகளுக்குப் பதிலாக, பாசத்தோடும் மனநிறைவோடும் தொடர்புள்ள பகுதிகள்.

நாம் 'இரக்கம்' என்று ஒரே சொல்லில் கட்டிவைப்பதற்குள் இரண்டு சங்கதி இருக்கின்றன. ஒன்று கூடவே தாழ்வது. மற்றது கரையில் காலை ஊன்றிக் கையை நீட்டுவது. எரிப்பது பெரும்பாலும் முதலாவது. நல்ல செய்தி, இரண்டாவதைப் பழகலாம் என்பது.

இதைச் சொன்னால் உடனே யாராவது அரைநாள் தியானப் பட்டறை ஒன்று வைத்து, சிற்றுண்டி கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சோர்வை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாட்பட்ட வேலைத்தல அழுத்தத்தால் வருவது என்றே விவரித்தது. ஒருவர் மேசையில் மூன்று பேர் பார்க்கவேண்டிய கோப்புகளைக் குவித்துவிட்டு 'மூச்சை ஆழமாக இழுங்கோ' என்பது, ஓட்டை வள்ளத்தில் ஏற்றிவிட்டு நீந்தப் பழக்குவது மாதிரி.

மேற்பார்வையும் அப்படித்தான். நம் கந்தோர்களில் மேற்பார்வை என்றால் பதிவேட்டைப் புரட்டிக் குறை கண்டுபிடிப்பது. இந்தத் தொழிலில் அதன் பொருள் வேறு: கேட்டவரைக் கேட்க இன்னொருவர். மத்தியூ லீபர்மன் என்ற மூளை ஆய்வாளர் 2007இல் காட்டியது இங்கே பொருந்தும். கோபமான, பயந்த முகங்களின் படத்தைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையின் அபாயமணியான அமிக்டலாவின் துடிப்புக் குறைந்தது. 'அந்தத் தாய் பேசேக்க எனக்கு என்ர அண்ணாவின்ர ஞாபகம் வந்தது' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இந்த ஊரில் அது இன்னும் அவசரம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு முகாம்களில் பக்கத்தில் இருந்து கேட்டவர்களில் பலர் தாங்களும் கடலுக்குக் கொடுத்தவர்கள். போரிலும் அப்படியே. காலையில் அழுதவரைப் பின்னேரம் மீன் சந்தையில் காண்போம்.

முந்தி நகரத்திலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போக துறைக்குத் துறை 'பாதை' என்ற மிதவையில் ஏறி இறங்கவேண்டும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் நேரம் அது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது; அந்த நேரம் போய்விட்டது. பாதைக் காலம் திரும்பவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2021இல் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே மனம் வேலையை விட்டு விலகும் நேரம் உள்ளவர்களுக்குச் சோர்வு குறைவு என்பதை ஆய்வுகள் பலமுறை கண்டிருக்கின்றன.

மூதூரில் வேலை செய்யும் ஒருவர் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் போகமுதல் முற்றத்துக் குழாயைத் திறந்து முகம், கை, கால் எல்லாம் ஆறுதலாகக் கழுவுவார். முதல் நாள் தாய் பயந்துபோய்க் கேட்டாராம்:

"ஆற்ற செத்த வீட்டுக்குப் பிள்ளை போயிட்டு வாறாய்?"

"ஒருத்தற்றையும் இல்லையம்மா. இண்டைக்கு நாலு பேர் வந்தவை."