ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ்: 250 அடி ஏறியவர்கள் வைத்த பெயர்

1933 மே 14. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கரையில் சிலர் கூடி, தாங்களே செய்த ராக்கெட் ஒன்றைப் பற்றவைத்தார்கள். சுமார் 250 அடி ஏறியது. ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. அவ்வளவுதான், கீழே விழுந்துவிட்டது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஆனால் இதே ஆட்கள் நடத்திய பத்திரிகையின் பெயர் ‘ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ்’. பிரித்துப் பார்த்தால், நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பலோட்டும் கலை.

கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரோன்’ என்றால் விண்மீன். ‘நௌஸ்’ என்றால் கப்பல், ‘நௌட்டேஸ்’ என்றால் கப்பலோட்டி. சமஸ்கிருத ‘நௌ’ இந்தக் கிரேக்கக் கப்பலுக்குத் தாயாதி. ஆர்கோ என்ற கப்பலில் போன பழங்கதை வீரர்களை ஆர்கோநாட் என்றார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலூனில் ஏறியவர்கள் ஏரோநாட் ஆனார்கள். அடுத்தது ஆஸ்ட்ரோநாட்தானே? 1880-லேயே பெர்சி கிரெக் என்ற ஆங்கிலேயர் தன் நாவலில் இந்தப் பெயரைப் பயன்படுத்திவிட்டார். அவர் அதை வைத்தது ஆளுக்கு அல்ல, செவ்வாய்க்குப் போகும் கலத்துக்கு.

துறையின் பெயராக அது பிறந்தது 1927 டிசம்பரில், பாரிசில். விமானத்துறை முன்னோடி ரோபேர் எஸ்னோ-பெல்தெரியும் ஆந்திரே ஹிர்ஷ் என்ற வங்கியாளரும் விண்பயண ஆய்வுக்கு ஒரு பரிசை ஏற்படுத்த நினைத்தார்கள். பரிசு தயார், துறைக்குத்தான் பெயர் இல்லை. ‘ஆஸ்ட்ரோநாட்டிக்’ என்று வையுங்கள் என்றவர் ரோனி என்ற மூத்த எழுத்தாளர். கற்கால மனிதர்கள் நெருப்புக்கு அலைந்த கதையை எழுதிப் புகழ்பெற்றவர் இவர்தான். நெருப்பில் தொடங்கி விண்கலம் வரை ஒரே பேனா! முதல் பரிசு ராக்கெட் முன்னோடி ஹெர்மன் ஓபெர்த்துக்குப் போனது.

அதே ஆண்டு ஜூலையில், ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் ஒரு சங்கம் தொடங்கியது. பெயரில் ‘ரௌம்ஷிஃபார்ட்’ என்ற சொல் இருந்தது. ரௌம் என்றால் வெளி, ஷிஃப் என்றால் கப்பல், ஃபார்ட் என்றால் செலவு, அதாவது பயணம். சங்கத்தைப் பதியப் போனபோது, இப்படி ஒரு சொல்லே ஜெர்மன் மொழியில் இல்லையே என்று நீதிமன்றத்தில் மறுத்தார்களாம். சங்கத்தின் முன்னணி உறுப்பினர் வில்லி லே பிற்பாடு எழுதிய கதை இது. புது வேலை வந்தால் புதுச் சொல்லும் வரும் என்று தலைவர் யோஹனெஸ் விங்க்லர் பதில் சொல்ல, ஒருவழியாகப் பதிவு கிடைத்தது. விங்க்லரை ஆசிரியராகக் கொண்டு வந்த சங்கத்தின் பத்திரிகைக்கு வம்பே இல்லாத பெயர்: ‘டீ ராக்கேட்டெ’, ராக்கெட். 1929 வரை வந்து நின்றுபோனது.

இனி, 250 அடி ராக்கெட் விட்ட நியூயார்க்காரர்கள். 1930-ல் சில அறிவியல் புனைகதை எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் சேர்ந்து ‘அமெரிக்கன் இன்டர்பிளானட்டரி சொசைட்டி’ தொடங்கினார்கள். அவர்கள் போட்ட செய்தி மடல் அச்சகத்தில் அடித்ததல்ல. ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, மை தடவி, ஒவ்வொரு தாளாக உருட்டி எடுத்தது. நம்மூரில் சைக்ளோஸ்டைல் என்போமே, அதேதான். சிற்றிதழ் நடத்திக் கை கறுத்த யாருக்கும் அந்த மடலைப் பார்த்தால் பாசம் வந்துவிடும். 1932-ல் அதன் பெயர் ‘ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ்’ ஆனது.

அப்புறம்தான் வேடிக்கை. ‘கிரகங்களுக்கு இடையே’ என்று பெயரிலேயே இருந்தால் பொறியாளர்கள் பக்கத்தில் வரமாட்டார்கள் என்ற யோசனையில், 1934-ல் சங்கம் ‘அமெரிக்கன் ராக்கெட் சொசைட்டி’ ஆனது. 1945-ல் பத்திரிகையின் பெயரிலிருந்தும் நட்சத்திரம் கழன்று, சங்கத்தின் பெயரோடு ஒட்டிய வெறும் ‘ஜர்னல்’ ஆகிவிட்டது. 1954-ல் அது ‘ஜெட் புரோபல்ஷன்’, அதாவது தாரை உந்துவிசை. ராக்கெட் என்று சொல்லக்கூடக் கல்வித்துறையில் கூசிய காலம் ஒன்று இருந்தது. கலிபோர்னியாவில் 1944-ல் பெயர் சூட்டப்பட்ட ஜெட் புரோபல்ஷன் ஆய்வகம் இன்றுவரை அந்தக் கூச்சத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது, செய்வதெல்லாம் விண்கலமாக இருந்தும். 1957-ல், ஸ்புட்னிக் ஏறிய அதே ஆண்டில், அதே சங்கம் ஒரு புது மாத இதழ் தொடங்கியது. பெயர்? ‘ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ்’. பரணில் போட்டதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் இந்தக் குழப்பமே இல்லை. 1933-ல் லிவர்பூலில் பிறந்த ‘பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி’ இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. 1934 ஜனவரியில் தொடங்கிய அதன் ஜர்னலும் வந்துகொண்டிருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ஆஸ்ட்ரோநாட்டிக்ஸை ‘விண்வெளிப் பயணவியல்’ என்கிறோம். தப்பில்லை. ஆனால் கப்பல் காணாமல் போய்விட்டது. சொல்லின் உயிரே கப்பலில்தானே இருக்கிறது? ‘விண்கலம்’ என்ற சொல்லைப் பாருங்கள். கலம் என்றால் பாத்திரம், கலம் என்றால் கப்பல். மரக்கலம் என்று எத்தனை காலமாகச் சொல்லிவருகிறோம்! ஜெர்மன்காரர்கள் நீதிமன்றப் படியேறி வாங்கிய கப்பலை நாம் சத்தமில்லாமல் வைத்திருக்கிறோம். ஓட்டுபவரிடம்தான் கோட்டை விட்டோம். ஆஸ்ட்ரோநாட்டுக்கு ‘விண்வெளி வீரர்’ என்று சொல்லி, கப்பலோட்டியைப் படைவீரர் ஆக்கிவிட்டோம். பெண் போனால் ‘வீராங்கனை’. இருவரும் சேர்ந்து போனால் செய்தி எழுதுபவர் பாடு திண்டாட்டம்.

கடலில் போகிறவரைக் கடலோடி என்கிறோம். இலங்கைத் தமிழில் விமானியை வானோடி என்பதும் உண்டு. அதே அச்சில் வார்த்தால் ‘விண்ணோடி’. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இந்தச் சொல்லை முன்பே சிலர் எழுதியிருக்கிறார்கள், நான் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்ட்ரோவை அப்படியே பிடித்துக்கொண்டு ‘விண்மீனோடி’ என்று போகவேண்டிய தேவையில்லை. இதுவரை யாரும் எந்த விண்மீனுக்கும் போனதில்லை. நிலவைத் தாண்டி வேறெங்கும் கால்வைக்கவே இல்லை.

‘நம் இலக்கியத்தில் அப்போதே இருக்கிறது’ என்று ‘வலவன் ஏவா வானவூர்தி’யைக் கொண்டு வருபவர்கள் உண்டு. புறநானூறு 27-ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் சொன்னது. பாகன் செலுத்தாத வானவூர்தி என்று பொருள். வாழ்க்கையில் செய்யவேண்டியதைச் செய்து முடித்தவர்கள் அதில் ஏறிப் போவார்கள் என்கிறது பாட்டு. அதாவது செத்த பிறகு கிடைக்கிற சவாரி. ஆள் ஏறாத ஆய்வுக்கலத்துக்கு வேண்டுமானால் அந்தத் தொடர் அழகாகப் பொருந்தும். உயிரோடு போய்த் திரும்பிவர நினைக்கிறவருக்கு வேண்டாம்.

துறைக்குப் பெயர் விண்ணோட்டவியல் என்று வைத்துக்கொள்ளலாம். பத்திரிகைக்கு அந்த ‘இயல்’ கூட வேண்டாம். புதுக் கப்பலையும் புதுத் தேரையும் முதன்முதலாக நகர்த்திப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம் இல்லையா? 1932-ல் மை தடவி உருட்டிய அந்தத் தாளின் தலைப்பைத் தமிழில் எழுதச் சொன்னால், ‘விண்ணோட்டம்’ என்று எழுதுவேன்.