வாசிப்பறை பூட்டியிருந்தபோது காப்பகம் எப்படி நடந்தது?

“எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஆன்லைனில் போட்டுவிட்டால் என்ன?” கொரோனா காலத்தில் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். நியாயமான கேள்விதான், ஆனால் நடக்கிற காரியமில்லை. ஒரு பெட்டிக்குள் சில நூறு தாள்கள் இருக்கும், ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், துருப்பிடித்த குண்டூசியை எடுக்க வேண்டும், படமெடுத்த பிறகு கோப்புக்குப் பெயரிட்டு அட்டவணை எண்ணோடு சேர்க்க வேண்டும். இதில் படமெடுப்பதுதான் சின்ன வேலை. முறைவைத்து ஓரிருவர் மட்டும் கட்டடத்துக்குள் வந்துபோன மாதங்களில் எவ்வளவு முடியும்?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதையடுத்து வாசிப்பறைகள் மூடப்பட்டபோது, எந்தக் காப்பகம் தாக்குப்பிடித்தது என்பதை முடிவுசெய்தது, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அதன் விவர அட்டவணை. “பெட்டி 14: இதர கடிதங்கள்” என்று எழுதிவைத்திருந்தால் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். வாசிப்பறை திறந்திருக்கும்போது அந்த ‘இதர’ யாரையும் உறுத்தாது, ஆய்வாளரே உட்கார்ந்து புரட்டிப் பார்த்துக்கொள்வார். அவர் வர முடியாதபோது அவருக்காகப் பெட்டி முழுவதையும் வாசிக்க ஊழியர் வேண்டும். அதனால்தான் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள், பழைய கையெழுத்துப் பட்டியல்களை எக்செல்லில் ஏற்றுவதிலும், கடிதம் யாருக்கு யார் எழுதியது, எந்த ஆண்டு என்று சேர்ப்பதிலும் நாட்களைச் செலவிட்டார்கள். வெளியே தெரியாத வேலை. என்னைக் கேட்டால் அந்த ஆண்டில் நடந்த உருப்படியான வேலை அதுதான்.

ஆய்வாளர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். “இந்தத் தொகுப்பு முழுவதும் வேண்டும்” என்று மின்னஞ்சல் அனுப்பினால் அது வரிசையில் கடைசிக்குப் போய்விடும். உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். பெட்டி முழுக்கக் கேட்டவரிடம் பத்து நிமிடம் போனில் பேசினால், அவருக்குத் தேவை ஒரு நிர்வாகக் குழுவின் இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் மட்டுமே என்று தெரியவரும். அது ஒரே பிற்பகலில் முடிகிற வேலை. ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்டதா? அதையும் சொல்லுங்கள். சொல்லாமல் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், நேரலை. மேசைக்கு மேல் கேமராவைக் கவிழ்த்து மாட்டி, வீடியோ அழைப்பில் ஆய்வாளரை வைத்துக்கொண்டு நாங்கள் தாளைத் திருப்புவோம். “சார், அந்தக் கடிதத்தின் பின்பக்கம் ஏதாவது இருக்கா?” என்பார். திருப்பினால், மங்கிய பென்சிலில் ஒரு முகவரியும் கூட்டல் கணக்கும் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், அழித்த எழுத்தின் அழுத்தம்கூடத் தெரியும். எது தேவையில்லை என்பதை ஆய்வாளர் அங்கேயே சொல்லிவிடுவதால் ஸ்கேன் செய்யும் பக்கமும் பாதியாகக் குறையும்.

சுத்தம் என்ற பெயரில் நடந்த சில காரியங்கள் வயிற்றைக் கலக்கின. ஆவணத்தின் மேல் கிருமிநாசினி தெளிப்பது, புற ஊதா விளக்கில் காட்டுவது இரண்டுமே கூடாது. கிருமிநாசினியில் உள்ள ஆல்கஹால் சில மைகளைக் கரைத்துவிடும். புற ஊதாக் கதிர் தாளை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும், மூடிய ஏட்டின் உள்பக்கங்களுக்கு அது போய்ச் சேரவும் சேராது. பேசாமல் சில நாள் தொடாமல் ஒதுக்கி வைப்பதே அப்போது வழி. நூலக, காப்பகப் பொருட்களில் வைரஸ் எவ்வளவு நாள் தங்கும் என்று பார்க்க அமெரிக்காவில் ரெல்ம் (REALM) திட்டத்தின் கீழ் நடந்த ஆய்வகச் சோதனைகளில், மூடிய புத்தகத்தின் உள்தாளில் 3 நாளுக்குப் பிறகு வைரஸ் தென்படவில்லை. புத்தகங்களை அடுக்கி வைத்தபோது 6 நாள் கழிந்தும் தென்பட்டது. ஆகவே ஒதுக்கும் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பொருட்களின் மேற்பரப்பிலிருந்து தொற்றும் வாய்ப்பு குறைவு என்று பின்னர் தெளிவானது. காற்றோட்டமும் இருக்கை இடைவெளியும்தான் முக்கியம் என்றான பிறகு இந்த ஒதுக்கலும் பல இடங்களில் நின்றது. கைக்கு மட்டும் சானிடைசரைவிட சோப்பே மேல், நன்றாக ஈரம் துடைத்த பிறகு தாளைத் தொடலாம்.

பூட்டிய கட்டடத்தை மறந்துவிடக் கூடாது. மின்செலவு மிச்சம் என்று ஏசியை நிறுத்தினால், ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டும்போது பூஞ்சை கிளம்பிவிடும். வாரம் ஒருமுறையாவது ஒருவர் உள்ளே போய் ஈரப்பதமானியைப் பார்த்து, கூரை ஒழுகுகிறதா, பூச்சி இருக்கிறதா என்று சுற்றி வர வேண்டும். ஊரடங்கு அனுமதிச் சீட்டில் காவலாளி, மின்பணியாளரோடு ஆவணக் காப்பாளர் பெயரும் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது நம் பொறுப்பாக இருந்தது.

கடைசியாக உரிமை. ஆய்வுக்காக உங்களுக்கு அனுப்பும் படம் உங்கள் வாசிப்புக்கு மட்டுமே. கடிதத்தாள் காப்பகத்தில் இருந்தாலும், அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் எழுதியவரிடமோ அவர் வாரிசிடமோ இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் மருத்துவ விவரமோ மாணவர் மதிப்பெண்ணோ உள்ள பக்கங்களை, எவ்வளவு அவசரம் என்றாலும் மின்னஞ்சலில் அனுப்ப முடியாது. வாசிப்பறை திறக்கும்வரை அவற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.