மாத்திரை பழகியது யாருக்கு?

"அண்ணனுக்கு ரப்பர் பால் வெட்டு. பல வருஷமாக எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது மருந்தை மாற்றிவிட்டார்கள். பழைய மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சா?" என்று குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பழகியது உடம்பு இல்லை, வைரஸ்.

எச்ஐவி நம் செல்லுக்குள் புகுந்ததும் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும். அதைச் செய்யும் நொதி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். தோவாளையில் பிச்சிப்பூ கட்டுகிறவர்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேகத்தில் இது எழுத்துக்குப் பின் எழுத்தாகச் சரம் தொடுக்கும். ஏஆர்டி மருந்துகளில் ஒன்றான லாமிவுடின் ஒரு போலிப் பூ. சரத்தில் சேர்ந்துகொள்ளும், அடுத்த பூவைப் பிடிக்க அதில் கொக்கி கிடையாது. சரம் அங்கேயே நின்றுபோகும்.

ஆனால் கட்டியதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இந்த நொதிக்கு இல்லை. வைரஸின் சரம் சுமார் 9,700 எழுத்து நீளம். சிகிச்சை பெறாத உடம்பில் தினமும் சுமார் 1,000 கோடி புது வைரஸ்கள் பிறக்கின்றன. எத்தனை பிழை! அதில் ஒன்றுதான் எனக்கு இன்றும் வியப்பு. நொதியின் 184-வது இடத்துக்கான மரபுக் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து, 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. நொதியைக் கட்டும் அமினோ அமிலங்களில் அங்கே மெத்தியோனின் போய் வாலின் வந்துவிடும். மெத்தியோனின் நீண்டு வளைந்துகொடுக்கும். வாலின் கவட்டைபோல் கிளைத்தது. லாமிவுடினின் கந்தக வளையம் அந்தக் கிளையில் முட்டி நிற்கும், அசல் எழுத்து உள்ளே போய்விடும். இந்த மாற்றத்துக்கு எம்184வி என்று பெயர். இதற்கு வைரஸ் கொடுக்கும் விலையும் உண்டு: அதன் படியெடுக்கும் திறன் குறைகிறது, டெனோஃபோவிர் என்ற இன்னொரு ஏஆர்டி மருந்து அதை இன்னும் நன்றாகத் தாக்குகிறது.

ஏஆர்டியில் சேர்த்துக் கொடுக்கும் மூன்று மருந்தும் ரத்தத்தில் போதிய அளவு இருந்தால் வைரஸ் பெருகவே முடியாது, பிழை நேரவும் வழியில்லை. அளவு குறையும் நாட்களில்தான் பிழையுள்ள வைரஸ் முந்திக்கொள்ளும். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர், கல்யாண வீட்டில் தங்கியிருக்கும்போது டப்பாவை ஒளித்துவைப்பவர், இவர்களை "அலட்சியம்" என்று திட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. பயமில்லாமல் மாத்திரை போட இடம் கொடுக்காதது நாம்தான். "முழுசாகக் குணமாக்குகிறேன்" என்று மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அப்புறம் ஒன்று. எந்த மருந்து பலிக்கவில்லை என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனைக்கு, அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டால் சில வாரங்களில் இந்த மாற்றமில்லாத பழைய வைரஸ் மேலோங்கிவிடும், பரிசோதனையில் எம்184வி தெரியாமல் போகலாம். அது அழிந்திருக்காது, எச்ஐவி குடியேறும் வெள்ளையணுக்களான சிடி4 செல்களின் டிஎன்ஏவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும், அதே மாத்திரை திரும்பி வரும்வரை.