சார்ஜ்: ஏற்றமா, ஊட்டமா?

பெங்களூரில் செயலியைத் தமிழுக்கு மாற்றி வைத்தால் அடிக்கடி கண்ணில் படுவது: "சேவைக் குற்றச்சாட்டு தனி." 'சர்வீஸ் சார்ஜ்' என்பதன் பெயர்ப்பு; கட்டணம் என்றிருக்க வேண்டிய இடம். எந்திரம் பெயர்த்ததை யாராவது ஒருமுறை வாசித்திருந்தால் சிக்கியிருக்கும்.

சார்ஜின் வேர் லத்தீன். 'கர்ருஸ்' என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. காரும் கார்கோவும் அதன் பங்காளிகள். பணச்சுமை கட்டணம், பழிச்சுமை குற்றச்சாட்டு, வேலைச்சுமை பொறுப்பு. தமிழும் இதே தடத்தில்தான் நடந்திருக்கிறது: குற்றத்தைச் 'சுமத்து'கிறோம், பொறுப்பில் இருப்பது 'பொறு', அதாவது தாங்கு.

எந்திரத்தையாவது மன்னிக்கலாம். யோசித்து எழுதுகிறவர்களே மின்வண்டிக்கு 'மின்னூட்டு நிலையம்', போனுக்கு 'மின்னூட்டம் 80 விழுக்காடு' என்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்னூட்டம் என்பது கூலும் அலகில் அளக்கும் ஒரு பண்பு. எலெக்ட்ரானுக்கு அது உண்டு. முழுக்க சார்ஜான பேட்டரிக்கோ நிகர மின்னூட்டம் சுழிதான்! 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை நிரப்ப 18,000 கூலும் ஒரு முனையில் நுழைகிறது, அதே 18,000 மறுமுனையில் வெளியேறுகிறது. உள்ளே லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு இடம்பெயர்கின்றன. சேர்வது வேதி ஆற்றல், 3.7 வோல்ட் என்றால் 18.5 வாட் மணி. மின்னூட்டம் துளிகூடக் கூடவில்லை.

ஊட்டுவதற்கு எதிர்ச்சொல்லும் கிடையாது. ஏற்றத்துக்கு இறக்கம் இருக்கிறது. டிஸ்சார்ஜுக்குப் பாடநூலே மின்னிறக்கம் என்கிறது. பிறகு ஏறும்போது மட்டும் ஊட்டம் எதற்கு? மின்னேற்றம் என்றே சொல்லலாமே. இலங்கைப் பாடநூல்களில் அந்தப் பண்புக்கே மின்னேற்றம் என்றுதான் பெயர் என்பது உண்மை. அங்கே படித்தவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் வரலாம். ஆனாலும் வாக்கியத்தில் வைத்தால் பொருள் தெளிந்துவிடும்.

பெங்களூரின் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. "போன்ல சார்ஜ் ஏறவே இல்ல", "வண்டி சார்ஜ் இறங்கிடுச்சு." வினைச்சொல் அவர்கள் வாயிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியதெல்லாம் அதைக் கேட்டு மின்னேற்றம், மின்னேற்றி, மின்னேற்று நிலையம் என்று எழுதுவதுதான். அதுவும் கடினம் என்றால் 'சார்ஜ் ஏற்றுமிடம்' என்றே பலகை வைக்கலாம்; கடன்சொல் ஒன்று இருந்தாலும் வண்டி ஓட்டுகிறவருக்குப் புரியும்.