அட்டாச்மென்ட்டின் ஐகானை யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரே மெயிலில் இரண்டு பிடிஎஃப் வருகிறது. ஒன்றுக்குச் சிவப்பு ஐகான், இன்னொன்றுக்கு வெறும் வெள்ளைத் தாள். முதலாவதைத் தட்டினால் ரீடரில் திறக்கிறது, இரண்டாவதைத் தட்டினால் "எதில் திறக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. சரி, இரண்டையும் டெஸ்க்டாப்பில் சேமித்துப் பார்ப்போம் என்று பார்த்தால் அங்கே இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன. உடனே பலரும் ரீடரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை, ஏனென்றால் கோளாறு இருக்கும் இடமே வேறு.

ஒரு ஆவணத்தின் ஐகான் அந்தக் கோப்புக்குள் இருப்பதில்லை (விண்டோஸின் .இஎக்ஸ்இ போன்றவை விதிவிலக்கு). அதைக் காட்டும் மென்பொருள், "இது என்ன வகை?" என்று ஊகித்து, அந்த வகைக்கு உரிய படத்தை எடுத்துப் போடுகிறது. மெயிலில் வரும் கோப்புக்கு இப்படி ஊகிக்க இரண்டு தடயங்கள் உண்டு: பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் இருக்கும் எக்ஸ்டென்ஷன் (.பிடிஎஃப் போல), அனுப்பியவரின் மென்பொருள் ஒட்டிய முத்திரை. தகராறே இந்த இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான்.

அந்த முத்திரைக்கு மைம் என்று பெயர். நதேனியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் எழுதிய மைம் விதிமுறை 1992-இல் வெளியானது. அதன்படி ஒவ்வொரு அட்டாச்மென்ட்டுக்கும் முன்னால் "கன்டென்ட்-டைப்: அப்ளிகேஷன்/பிடிஎஃப்" என்கிற மாதிரி ஒரு வரி போகும். அனுப்பும் மென்பொருளுக்கு வகை தெரியாவிட்டால், அல்லது தெரிந்துகொள்ள அது அக்கறைப்படாவிட்டால், "அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்" என்று எழுதிவிடும். ஏதோ பைட்டுகள், என்னவென்று தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். தானாக பில், ஸ்டேட்மென்ட் அனுப்பும் சர்வர்கள் இப்படிச் செய்வது சகஜம்.

இப்போது உங்கள் மெயில் செயலி எதை நம்புகிறது என்பதைப் பொறுத்து ஐகான் மாறும். முத்திரையை நம்பினால் வெள்ளைத் தாள், எக்ஸ்டென்ஷனை நம்பினால் சிவப்பு ஐகான். விண்டோஸில் சேமித்த மறுகணம் முத்திரைக்கு மதிப்பில்லை, எக்ஸ்டென்ஷன்தான் பேசும். டெஸ்க்டாப்பில் இரண்டும் ஒன்றானது இதனால்தான். "இனிமேல் இதில்தான் திற" என்று டிக் போட்டும் மறுபடி மறுபடி கேட்பதற்கும் இதே காரணம் இருக்கலாம்: டிக் போட்டது பிடிஎஃப் வகைக்கு, வந்ததோ ஆக்டெட்-ஸ்ட்ரீம். சந்தேகமாக இருந்தால் மெயிலின் மூலத்தைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் "ஷோ ஒரிஜினல்", தண்டர்பேர்டில் கன்ட்ரோல்-யு. கன்டென்ட்-டைப் வரி கண்முன்னே இருக்கும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் "கட்டுரை" என்பது 7 குறிகள். அவற்றை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21 பைட். கன்டென்ட்-டைப் போன்ற தலைப்பு வரிகளுக்குள் (ஹெடர்) அதை எழுதும் ஒரு முறையில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது, ஆக 63 எழுத்து. ஒற்றைச் சொல்லுக்கே இவ்வளவு! பெயர் கொஞ்சம் நீண்டால் பல துண்டாக வெட்டி அனுப்புவார்கள், துண்டுகளை ஒட்டத் தெரியாத பழைய செயலி கடைசித் துண்டை விட்டுவிடும், எக்ஸ்டென்ஷன் இருந்தது அந்தத் துண்டில்தான். அப்புறம் எங்கிருந்து ஐகான் வரும்?

சேமித்த பிறகும் ஐகான் தப்பாக இருந்தால் மெயிலை விட்டுவிட்டு இயங்குதளத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் படத்துக்கு ஒரு பதிவு, திறக்கும் கட்டளைக்கு வேறொரு பதிவு. ஆகவே படம் பழைய ரீடருடையதாகவும் திறப்பது புதியதாகவும் இருப்பதில் அதிசயம் இல்லை. போதாக்குறைக்கு விண்டோஸ் ஐகான்களை ஒரு கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வேறு சேமித்து வைக்கிறது, அது கெட்டுப்போனால் எல்லாம் சரியாக இருந்தும் படம் மட்டும் தப்பாகவே வரும். கேஷை அழித்துவிட்டு மறுபடி லாகின் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் 8 முதல், நீங்கள் தேர்ந்தெடுத்த செயலியின் பதிவோடு அதைச் சரிபார்க்க அதிலிருந்தே கணக்கிட்ட ஒரு ஹாஷ் எண்ணும் சேர்ந்தே இருக்கிறது. வேறு ஏதாவது மென்பொருள் குறுக்கே புகுந்து பதிவை மாற்றினால் ஹாஷ் ஒத்துப்போகாது, விண்டோஸ் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தன் செயலியையே திரும்ப வைத்துவிடும். நல்ல ஏற்பாடா, அடமா என்பது வேறு பேச்சு. மாற்றுவதை செட்டிங்ஸில் "டிஃபால்ட் ஆப்ஸ்" வழியாகவே செய்துவிடுங்கள். மேக்கில் "கெட் இன்ஃபோ"வில் செயலியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, "சேஞ்ச் ஆல்" அழுத்தாவிட்டால் அந்த ஒரு கோப்புக்குத்தான் பொருந்தும்.

"வின்மெயில்.டேட்" என்று ஒன்று வந்தால் உங்கள் பக்கம் எதையும் நோண்ட வேண்டாம். அது அவுட்லுக்கின் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் வந்த பொட்டலம், உண்மையான கோப்பு அதற்குள் இருக்கும். ஹெச்டிஎம்எல் வடிவத்தில் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

முன்னதாக ஒன்று செய்துவிடுங்கள்: எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும் விண்டோஸ் அமைப்பை மாற்றுங்கள். 2000 மே மாதம் பரவிய ஐலவ்யூ வைரஸின் கோப்புப் பெயர் ".டிஎக்ஸ்டி.விபிஎஸ்" என்று முடிந்தது, திறந்தால் இயங்கும் நிரல் என்று காட்டும் விபிஎஸ் மறைந்திருந்ததால் வெறும் டெக்ஸ்ட் என்று நம்பித் திறந்தவர்கள் ஏராளம்.

எக்ஸ்டென்ஷனே இல்லாமல் வந்த கோப்பை, தெரிந்தவர் அனுப்பியதுதான் என்று உறுதியானால், நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் தெரிந்தால் பிடிஎஃப்தான். பி, கே என்று தொடங்கினால் ஜிப் குடும்பம். ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் இது மட்டும் போதாது. அதன் நகல் ஒன்றை ஜிப்பாகத் திறந்து, உள்ளே "வேர்ட்" என்ற ஃபோல்டர் இருந்தால் .டாக்எக்ஸ் என்றும் "எக்ஸ்எல்" என்று இருந்தால் .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.